நீங்களே கட்டினால் 135 பவுண்ட் கூடுதல்

வடமேற்கு லண்டனில் ஒரு மூலைக்கடையில் நான் கல்லாவில் நின்ற நாட்களில், வெள்ளிக்கிழமை மாலையானால் ஓர் அன்ரி வருவார். கைப்பையிலிருந்து மூன்றாக மடித்த கரண்ட் பில்லை எடுத்து, பார்கோடு உள்ள பக்கம் மேலே தெரியும்படி விரித்து, அதன்மேல் 20 பவுண்ட் நோட்டை வைப்பார். "தம்பி, இண்டைக்கு இருபது போடும்." கடையிலேயே பில் கட்ட வைத்திருக்கும் பேபாயின்ட் மெஷினில் பார்கோடைக் காட்டினால் கீச்சென்று ஒரு சத்தம், பிறகு ஒரு ரசீது. அதில் உள்ள தொகையைச் சரிபார்த்துவிட்டுத்தான் வாசல் பக்கம் திரும்புவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் அது. இப்படி வாரம் வாரம் போட்டுக்கொண்டே வருவதால், பில் வந்து விழும்போது அவர் கணக்கில் பெரும்பாலும் ஏற்கெனவே காசு கிடக்கும். ஒருநாள்கூடக் கடன் நின்றவர் இல்லை. ஆனாலும் அதே வட்டாரத்தில் அதே கரண்டை வாங்கும் என்னைவிட யூனிட்டுக்கு அவர் கொடுத்த விலை அதிகம். காரணம், தன் வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனி தானாகப் பணம் எடுத்துக்கொள்ள அவர் சம்மதம் தரவில்லை. வேறு ஒன்றுமில்லை.

பிரிட்டனில் டைரக்ட் டெபிட் என்று சொல்வது, இந்தியாவில் ஆட்டோ டெபிட் என்று சொல்கிறோமே, அதேதான். ஸ்டாண்டிங் ஆர்டர் என்று இன்னொன்றும் உண்டு. இரண்டையும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டாண்டிங் ஆர்டரில் தொகையையும் தேதியையும் நாம் முடிவு செய்து நாம் அனுப்புகிறோம். டைரக்ட் டெபிட்டில் தொகையை முடிவு செய்வதும் எடுப்பதும் கம்பெனி. நம் வேலை ஆரம்பத்தில் சம்மதம் தருவதோடு முடிந்தது. அந்தக் கூடுதல் கட்டணம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்த வித்தியாசம்தான்.

முதலில் கணக்கு. கிரேட் பிரிட்டனில் வீட்டு மின்சாரம், எரிவாயுவுக்கு ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2019 ஜனவரி முதல் விலை உச்சவரம்பு வைக்கிறது. வரம்பு மொத்த பில்லுக்கு இல்லை. யூனிட் விலைக்கும், எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று வாங்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான். ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் செலவாகும் ஒரு வீட்டை வைத்து அதைப் பவுண்டில் சொல்வார்கள். 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வரம்பில் டைரக்ட் டெபிட்காரருக்கு 1,755 பவுண்ட். பில் வந்த பிறகு காசோலை, ரொக்கம், கார்டு என்று தானே கட்டுபவருக்கு 1,890. இவர்களைத்தான் 'ஸ்டாண்டர்ட் கிரெடிட்' வாடிக்கையாளர் என்கிறார்கள். மீட்டரில் முன்கூட்டியே காசு போட்டு எரிப்பவருக்கு 1,707. முதல் இரண்டுக்கும் இடையே 135 பவுண்ட், மாதத்துக்குப் பதினொன்றே கால்.

ஒரு காசோலையைப் பிரித்து, கணக்கு எண் பார்த்து, வங்கியில் போடுவதற்கு மாதம் பதினொரு பவுண்டா ஆகும்? ஆகாது. ஆகிறது என்று கம்பெனிகளும் சொல்வதில்லை.

இந்தச் சண்டை மின்சாரத்தில் தொடங்கியதாகப் பலருக்கு நினைவு. ஆனால் பொதுமக்கள் கண்ணில் முதலில் உறுத்தியது டெலிபோன் பில்தான். 2007 மே மாதத்திலிருந்து பிடி என்ற டெலிபோன் நிறுவனம், டைரக்ட் டெபிட்டில் வராதவர்களிடம் காலாண்டுக்கு 4.50 பவுண்ட் வாங்கத் தொடங்கியது. பில்லில் தனி வரியாக, பச்சையாகத் தெரிந்தது. பென்ஷன் எடுக்கும் கையோடு போஸ்ட் ஆபீசில் பில் கட்டிப் பழகிய முதியவர்களுக்கு அது அபராதமாகத்தான் பட்டது. தொலைத்தொடர்பை மேற்பார்க்கும் ஆஃப்காம் 2008இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இப்படிப்பட்ட கட்டணம், அந்த வழியில் பணம் வாங்குவதால் நேரடியாக ஆகும் செலவைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். அநியாயம் என்று தள்ளவில்லை, அளவு மட்டும் வைத்தது.

அந்தக் காலத்து வழக்கு ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. டி-மொபைல் நிறுவனம், டைரக்ட் டெபிட் போன்ற தானியங்கி வழியில் கட்டாத வாடிக்கையாளர்களிடம் 3 பவுண்ட் 'பணம் கையாளும் கட்டணம்' வாங்கியது. அப்புறம் வரித்துறையிடம் போய், இது தொலைபேசிச் சேவை இல்லை, தனியான நிதிச் சேவை, ஆகவே இதற்கு வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி கிடையாது என்று வாதிட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அதற்குள் கம்பெனியின் பெயரே எவ்ரிதிங் எவ்ரிவேர் என்று மாறிவிட்டது. 2010 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. காசுக்கு விற்கிறவன் அந்தக் காசை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வது விற்பனையிலேயே அடங்கியது. அதை வாடிக்கையாளருக்குச் செய்யும் தனிச் சேவை என்று சொல்ல முடியாது. 3 பவுண்டும் தொலைபேசிச் சேவையின் விலைதான், வரி கட்டு. வழக்கு வரியைப் பற்றியது, வாடிக்கையாளர் உரிமையைப் பற்றியது இல்லை. இருந்தாலும் அன்ரி மாதிரியானவர்கள் கேட்ட கேள்விக்கு அத்தனை நேராக வந்த பதில் வேறில்லை. அவர் கட்டிய கூடுதலுக்கு எந்தச் சேவையும் அவருக்குக் கிடைக்கவில்லை. அது விலை. அவ்வளவுதான்.

சட்டம் பிறகு இறுகியது. 2013 ஏப்ரல் முதல், பணம் கட்டும் முறைக்காக வாங்கும் கட்டணம் விற்பவருக்கு ஆகும் உண்மைச் செலவைத் தாண்டக் கூடாது. 2018 ஜனவரி 13 முதல், சொந்தத் தேவைக்கு கிரெடிட், டெபிட் கார்டில் கட்டுபவரிடம் கார்டுக்காகத் தனிக் கட்டணம் வாங்கவே கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'காசோலைக்கு 5 பவுண்ட் கூடுதல்' என்றால் அது கட்டணம், சட்டத்தின் கண்ணில் படும். விலையையே 5 பவுண்ட் உயர்த்தி வைத்து 'டைரக்ட் டெபிட்டுக்கு 5 பவுண்ட் தள்ளுபடி' என்றால் அது சலுகை. வாடிக்கையாளரின் பையிலிருந்து போகும் காசு இரண்டிலும் ஒன்றே. பில்லில் பார்த்தால் முன்னதில் தண்டனை தெரிகிறது, பின்னதில் பரிசு தெரிகிறது. பெயரை மாற்றியதும் கோபமும் பாதி குறைந்தது என்பது என் கணிப்பு. தனி வரி மறைந்து எல்லாமே யூனிட் விலைக்குள் போன பிறகு, தான் அதிகம் கொடுப்பதே தெரியாத ஆட்கள் எத்தனையோ. அன்ரிக்கும் நான் சொல்லித்தான் தெரியும்.

சரி, மின்சாரக் கம்பெனிகளுக்கு வருவோம். இங்கே பேரம் இல்லை, விதி இருக்கிறது. கட்டும் முறைக்கு ஏற்ப விலை வேறுபடலாம், ஆனால் அந்த வேறுபாடு கம்பெனிக்கு ஆகும் செலவின் வேறுபாட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்று உரிம நிபந்தனையிலேயே உண்டு. ஹார்லோ தொகுதியின் எம்.பி.யாக இருந்த ராபர்ட் ஹால்ஃபன் 2014இல் நாடாளுமன்றத்தில் இந்த விலை வித்தியாசத்தைக் கிளப்பினார். ஆஃப்ஜெம் ஆராய்ந்து, வித்தியாசம் பெருமளவு செலவோடு ஒத்துப்போகிறது என்றது.

அப்படியானால் அந்தச் செலவு எது? மூன்று வகை. கைவேலை ஒன்று: உறை பிரிப்பது, போஸ்ட் ஆபீசுக்கும் பேபாயின்டுக்கும் கொடுக்கும் சில்லறை, நினைவூட்டல் கடிதம். இது சிறியது. அடுத்தது காலம். கம்பெனி மொத்தச் சந்தையில் மின்சாரத்தைக் காசு கொடுத்து வாங்கி விற்கிறது. டைரக்ட் டெபிட்காரர் ஆண்டு முழுவதும் ஒரே தொகையாக மாதாமாதம் கட்டுவதால் கோடையில் அவர் காசு கம்பெனியிடம் சேர்ந்து நிற்கும், குளிர்காலத்தில் கரையும். ஸ்டாண்டர்ட் கிரெடிட்காரர் எரித்து முடித்து, பில் வந்து, அதன் பிறகு கட்டுகிறார். அந்த இடைவெளிக்கு வட்டி. மூன்றாவது வராக்கடன். பில் வந்த பிறகு கட்டும் கூட்டத்தில்தான் கட்டாமலே போகிறவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் வீட்டு எரிசக்திக் கடன் 2025இல் 400 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. ஸ்டாண்டர்ட் கிரெடிட் விலையின் பெரிய பகுதி இந்த வராக்கடனுக்கும் அதைத் துரத்தும் செலவுக்கும் போகிறது.

'செலவை ஒட்டிய விலை' என்ற நியாயம் எனக்கு இந்த இடத்தில்தான் இடறுகிறது. கூட்டம் என்று பார்த்தால் செலவை ஒட்டியதுதான். ஆள் என்று பார்த்தால் இல்லை. வாரம் 20 பவுண்ட் முன்கூட்டியே போடும் அன்ரியால் கம்பெனிக்கு வட்டியும் இல்லை, வராக்கடனும் இல்லை. இருந்தும் அவரையும், பில்லைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறவரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். அடுத்தவர் கட்டாத பில்லில் ஒரு பங்கை, ஒழுங்காகக் கட்டும் அவர் கட்டுகிறார். கட்டாதவருக்கு விலை என்னவாக இருந்தாலும் ஒன்றுதான், அவர்தான் கட்டப் போவதில்லையே. ஸ்டாண்டிங் ஆர்டர் போட்டு மாதாமாதம் தவறாமல் அனுப்புகிறவரும் பெரும்பாலும் இதே சாக்கில்தான் விழுகிறார். நேரத்துக்குப் பணம் வந்தால் போதும் என்றால் அவருக்குச் சலுகை கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காதது ஏன் என்று யோசித்தால், கம்பெனி விலை வைப்பது பணம் வரும் தேதிக்கு மட்டும் இல்லை, எடுக்கும் உரிமைக்கும் சேர்த்துத்தான் என்று புரிகிறது.

காலத்துக்கும் முறைக்கும் உள்ள வித்தியாசத்தை டிவி லைசென்ஸ் அழகாகக் காட்டுகிறது. 2025இல் கலர் டிவி லைசென்ஸ் 174.50 பவுண்ட். மொத்தமாகக் கட்டினாலும் மாதாமாதம் டைரக்ட் டெபிட்டில் கட்டினாலும் அதே தொகை. காலாண்டு டைரக்ட் டெபிட் என்றால் மட்டும் தவணைக்கு 1.25 வீதம் ஆண்டுக்கு 5 பவுண்ட் கூடுதல், ஏனென்றால் அதில் ஒரு பகுதியைப் பின்னால் கட்டுகிறோம். டைரக்ட் டெபிட்டுக்கே அபராதம்! கார் இன்சூரன்சும் இப்படித்தான். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு. மாதாமாதம் டைரக்ட் டெபிட் என்றால் அது கடன், பல இடங்களில் அதற்கு நல்ல வட்டியும் உண்டு. டைரக்ட் டெபிட் என்றாலே மலிவு என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதும் சுவையானது. 1960களில் யூனிலீவரில் வேலை பார்த்த அலஸ்டர் ஹாண்டன் என்பவரைத்தான் டைரக்ட் டெபிட்டைக் கண்டுபிடித்தவர் என்கிறார்கள். ஐஸ்கிரீம் விற்பவர்களிடமிருந்து பணம் வந்து சேரத் தாமதமாகிறது. அவர்கள் அனுப்பட்டும் என்று காத்திருப்பதைவிட நாமே அவர்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டால் என்ன என்ற யோசனை. ஆக, பிறக்கும்போதே அது வாங்குகிறவருக்காகப் பிறந்தது. இன்று ஆண்டுக்கு 400 கோடிக்கும் மேற்பட்ட டைரக்ட் டெபிட்கள் பேக்ஸ் என்ற வங்கி அமைப்பு வழியாகப் போகின்றன. இத்தனை பேர் நம்பிச் சம்மதம் தருவதற்குப் பின்னால் ஓர் உத்தரவாதம் இருக்கிறது. தொகையோ தேதியோ மாறினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், வழக்கமாகப் பத்து வேலை நாட்களுக்கு முன். தவறாக எடுத்துவிட்டால் நம் வங்கியே உடனடியாக முழுத் தொகையையும் திருப்பித் தரும், கம்பெனியோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. இது வெறும் காகித வாக்குறுதி இல்லை, நான் ஒருமுறை வங்கிக்கு போன் போட்டு அன்றைக்கே காசைத் திரும்ப வாங்கியிருக்கிறேன்.

அப்படி இருந்தும் ஏன் தயக்கம்? படிக்காதவர்கள், பழமைவாதிகள் என்று சிரிப்பவர்கள் உண்டு. கல்லாவில் நின்று பார்த்த எனக்கு அது அப்படித் தெரியவில்லை. வாரக்கூலி வாங்குபவர், வேலை கிடைத்தால்தான் காசு என்று இருப்பவர், இவர்கள் கணக்கில் 1ஆம் தேதி என்ன இருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. கணக்கில் காசில்லாத நாளில் டைரக்ட் டெபிட் வந்து மோதித் திரும்பினால் வங்கி தண்டம் போடும். ஒருகாலத்தில் ஒரு மோதலுக்கு 30 பவுண்டுக்கு மேல். ஓவர்டிராஃப்ட் தண்டங்களை எதிர்த்து நடந்த பெரிய வழக்கில் 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2020இல் விதிகள் மாறிய பிறகு இந்தத் தண்டங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் ஒரே மாதத்தில் மூன்று டெபிட் மோதி நூறு பவுண்ட் இழந்த ஒருவருக்கு அந்த நினைவு விதியோடு சேர்ந்து மாறாது. ஆண்டுக்கு 135 பவுண்ட் என்பது அவர் கணக்கில் நாலு மோதலின் விலைதான். கணக்குத் தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்கிறார்.

வங்கிக் கணக்கே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். நிதித்துறையை மேற்பார்க்கும் எஃப்சிஏ-வின் 2022 கணக்கெடுப்பில் 11 லட்சம் பெரியவர்களுக்குக் கணக்கு இல்லை. டைரக்ட் டெபிட்டுக்கு மாறச் சொல்லி இவர்களிடம் யார் சொல்வது? வசதி குறைந்தவர்கள் ஒரே பொருளுக்கு அதிகம் கொடுக்க நேர்வதை 'ஏழ்மைக் கூடுதல்' என்று சொல்லலாம். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் அதைக் கணக்கிட்டு, குறைந்த வருமான வீடு ஒன்றுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 490 பவுண்ட் என்றார்கள். பில் கட்டும் முறை அதில் ஒரு துண்டு.

இன்னொரு தயக்கம் தொகையைப் பற்றியது. மாதத் தொகை என்பது கம்பெனி போடும் மதிப்பீடு. 2022 வசந்தத்தில் விலை எகிறியபோது, பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் டைரக்ட் டெபிட் தொகை இரட்டிப்பைத் தாண்டியது. ஆஃப்ஜெம் நேரில் விளக்கம் கேட்டு, சில கம்பெனிகளைக் கண்டித்தது. அதற்கு முந்தைய குளிர்காலக் கதை இன்னும் மோசம். 2021 பிற்பகுதியிலிருந்து முப்பதுக்குக் கிட்டத்தட்ட கம்பெனிகள் திவாலாயின. வாடிக்கையாளர்கள் முன்கூட்டிக் கட்டிய மிச்சப் பணத்தைச் சுழற்சி முதலாகப் பயன்படுத்தியே ஓடியவை அவற்றில் உண்டு. அந்த மிச்சம் வாடிக்கையாளருக்குப் பாதுகாக்கப்பட்டது, நல்ல விஷயம். அதை ஈடுகட்டிய செலவு எல்லோருடைய பில்லிலும் ஏற்றப்பட்டது. எல்லோரும் என்றால் கம்பெனிக்கு முன்பணம் கொடுக்க மறுத்த அன்ரியும்தான்.

மாற்றம் ஒரு பக்கம் வந்திருக்கிறது. முன்பு, காசு போட்டு எரிக்கும் ப்ரீபேமென்ட் மீட்டர்காரர்களும் அதிகம் கொடுத்தார்கள். கடனில் விழுந்தவர்களுக்கு மாட்டப்படும் மீட்டர் என்பதால் அது கண்ணை உறுத்தியது. 2023 ஜூலையில் அரசு தன் விலை உத்தரவாதத்தின் மூலம் அந்தக் கூடுதலை நீக்கியது. 2024 ஏப்ரலில் ஆஃப்ஜெம் டைரக்ட் டெபிட்டுக்கும் ப்ரீபேமென்டுக்கும் நிலைக்கட்டணத்தைச் சமன் செய்து அதை நிரந்தரமாக்கியது. டைரக்ட் டெபிட்காரர்கள் ஆண்டுக்குச் சுமார் 10 பவுண்ட் கூடக் கொடுக்க, மீட்டர்காரர்களுக்குச் சுமார் 49 பவுண்ட் மிச்சம் என்று அப்போது சொன்னார்கள். இன்று அவர்கள்தான் மூவரில் மலிவு. ஆக, செலவை ஒட்டித்தான் விலை என்ற கொள்கையை வேண்டியபோது வளைக்க முடியும் என்று அந்த அமைப்பே காட்டிவிட்டது. ஸ்டாண்டர்ட் கிரெடிட்டை மட்டும் அந்தச் சமன்பாட்டில் சேர்க்கவில்லை. அதில் வசதியானவர்களும் கலந்திருக்கிறார்கள், பலரால் நினைத்தால் மாற முடியும் என்பது வாதம். பொய்யில்லை. பில் கட்ட மறந்துவிடும் பணக்காரர்களும் அந்தச் சாக்கில் உண்டு. ஆனால் மாறவே முடியாதவரும் அதே சாக்கில்தான் இருக்கிறார்.

அன்ரியிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன், இத்தனை விவரமாக இல்லை. டெலிபோனை மட்டும் டைரக்ட் டெபிட்டுக்கு மாற்றினார், அந்தத் தொகை மாதம் மாதம் மாறாது என்பதால். எந்தத் தேதியில் எடுக்கலாம் என்று கேட்டார்கள், பென்ஷன் விழுந்து இரண்டு நாள் கழித்து என்று சொன்னாராம். கரண்டுக்கு மாற்ற மறுத்துவிட்டார்.

"அது கூடிக் குறையும் தம்பி. எவ்வளவு எண்டு நான் பார்த்துத்தான் குடுப்பன்."

அடுத்த வெள்ளியும் வந்தார். பில், அதன்மேல் 20 பவுண்ட் நோட்டு. ரசீதைப் பார்த்து, பாஸ்போர்ட் வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.